உலர் உணவுக்குப் பிறகு

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் புயல் பெரும்பாலும் காற்றாக வருவதில்லை. மழையாக வருகிறது, வந்த தண்ணீர் போக இடம் தெரியாமல் வளவுக்குள் நிற்கிறது. இங்கே ஆறு கிடையாது. வழுக்கை ஆறு என்று நாங்கள் மரியாதைக்குச் சொல்வதுகூட மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கம் கடல்நீரேரியில் விழும் ஒரு வாய்க்கால்தான். ஆயிரத்துக்குக் கிட்டிய குளங்கள் இருந்த நிலம் இது. அவற்றில் எத்தனை குப்பை கொட்டி மேடாகி, மதில் கட்டி, பெயரில் மட்டும் குளமாக மிஞ்சியிருக்கின்றன என்பது ஊரவர் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. எங்களை மூழ்கடித்த மழைகளில் பல கொட்டியபோது 'புயல்' என்று ஒன்று இருக்கவேயில்லை. 2008 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் 389.8 மில்லிமீற்றர் மழை பதிவானது. 1918க்குப் பிறகு அப்படியொரு நாள் இல்லை என்றார்கள். எங்கள் ஆண்டு மழை முழுவதுமே ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர்தான். அந்த மழையைக் கொண்டுவந்த தாழமுக்கத்துக்கு நிஷா என்று பெயர் வைத்ததோ மறுநாள், அது தமிழ்நாட்டுக் கரைப்பக்கம் நகர்ந்த பிறகு. 2020 டிசெம்பர் 2 இரவு புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. பிறகு வலுவிழந்து மன்னார் வளைகுடாவில் போய் அசையாமல் நிற்க, எங்களுக்கு நாட்கணக்கில் கொட்டியது. 2024 இல் எங்கள் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது நவம்பர் 26, 27 ஆம் திகதிகளில். பெங்கல் என்ற பெயர் வந்தது 29 ஆம் திகதி. பெயரைப் பார்த்து ஆயத்தமாகிறவர்கள் இங்கே பெரும்பாலும் பிந்தியவர்கள்தான். யாழ். பல்கலைக்கழகப் புவியியற்றுறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா தமிழில் எழுதும் வானிலைக் குறிப்புகளுக்காக ஊரே தொலைபேசியைத் தடவிக்கொண்டிருப்பது சும்மா இல்லை. எந்த நாளில், எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீற்றர் என்று அவர் சொல்கிறார். எங்களுக்கு வேண்டியது அதுதான்.

நான் வலிகாமத்தில் கிராம அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊருக்கு விதானையார். நிஷா வந்தபோதும் புரெவி வந்தபோதும் படிவத்தைப் பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக முழங்கால் தண்ணீரில் நடந்தது என் உத்தியோகம். எத்தனை குடும்பம், எத்தனை அங்கத்தவர், வீடு முழுச் சேதமா பகுதிச் சேதமா, தங்கியிருப்பது உறவினர் வீட்டிலா நலன்புரி நிலையத்திலா. கேள்விகளில் பிழை இல்லை. ஆனால் அவை எல்லாம் மழை பெய்கிற கிழமைக்குரிய கேள்விகள். மூன்றாம் கிழமையில் படிவத்தோடு ஒருவரும் வருவதில்லை. வெள்ளத்தில் ஒரு ஏழைக் குடும்பம் இழப்பதில் பெரும்பங்கு தண்ணீர் வடிந்த பிறகுதான் கை நழுவுகிறது என்பது நான் கண்டது. எங்கள் நிவாரணமோ தண்ணீர் நிற்கும்போதே தீர்ந்துவிடுகிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவும்தான். மிச்சம் அதற்குச் சாட்சி.

முதல் நாட்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அதில் நாங்கள் கெட்டிக்காரர். பள்ளிக்கூடத்தைத் திறந்து, கோயில் மடத்தில் கிடாரம் ஏற்றி, சோறும் பருப்பும் கொடுத்துவிடுவோம். ஊர்ப் பெடியள் உழவு இயந்திரப் பெட்டியில் கிழவிகளை ஏற்றி வருவார்கள். அதற்குப் பிறகு உலர் உணவு: அரிசி, மா, சீனி, பருப்பு, ரின்மீன், சோயா. 2008 இல் ஏ9 பாதை மூடிக்கிடந்தது. பொருள் கப்பலில்தான் வரவேண்டும், இரவில் ஊரடங்கு. அப்படியிருந்தும் குடும்ப அட்டையைக் கொண்டு சங்கக்கடைக்குப் போனால், யாருக்கு என்ன கொடுபட்டது என்பதற்கு ஒரு கொப்பி இருந்தது. இன்று பாதை திறந்திருக்கிறது, வாகனம் ஆயிரம் வருகிறது. பிரதான வீதிக்குப் பக்கத்து வீட்டுக்கு மூன்று பொதி, உள்ளொழுங்கைக்கு ஒன்றும் இல்லை. பொதியோடு படம், படத்தோடு பதாகை. கட்சிக்காரரைச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். அவர்களைவிடப் பெரிய பதாகை பிடித்த சங்கங்களையும் கண்டிருக்கிறேன்.

பிறகு வெயில் எறிக்கும். முகாம் கலையும். பத்திரிகைகள் வேறு செய்திக்குப் போய்விடும்.

2024 டிசெம்பரை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் வடிந்த கையோடு பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கங்களில் காய்ச்சல் தொடங்கியது. இரண்டு மூன்று நாட் காய்ச்சல், பிறகு மூச்செடுக்கச் சிரமம், பிறகு மரணம். ஏழெட்டுப் பேர் போனார்கள். மர்மக் காய்ச்சல் என்று ஊர் பயந்துகொண்டிருக்க, எலிக்காய்ச்சல் என்று பரிசோதனையில் உறுதியானது. வெள்ளம் கொல்லாதவர்களை வெள்ளத்துக்குப் பிறகு வந்த சேற்றுத்தண்ணீர் கொன்றது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் காற்புண்ணோடு இறங்கினால் போதும். வயலில் இறங்குகிறவர்களுக்குச் சுகாதாரப் பகுதியினர் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரை ஒன்று இருக்கிறது. புதிய மருந்தும் அல்ல, விலை கூடியதும் அல்ல. அது இறங்குமுன் போய்ச் சேரவேண்டும். ரின்மீன் போய்ச் சேருகிற வேகத்தில் மாத்திரை போய்ச் சேர்வதில்லை. வாய்க்கால் வெட்டியும் மதகு துப்புரவாக்கியும் ஊருக்கு உதவப்போகிற பெடியளுக்குக்கூட அதைக் கொடுத்துவிட்டுத்தான் மண்வெட்டியைக் கொடுக்கவேண்டும் என்ற பழக்கம் எங்களுக்கு இன்னும் வரவில்லை.

அடுத்தது கிணறு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து வரும் நிவாரணக்காரர் எவருக்கும் இது விளங்குவதில்லை. எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளுக்குள் மழைநீர் இறங்கி, அடியில் இருக்கும் உவர்நீரின் மேல் ஒரு படையாக நிற்கிறது. அதைத்தான் குடிக்கிறோம், அதைத்தான் தோட்டத்துக்கு இறைக்கிறோம். அதே கல்லுக்குள்தான் மலசலகூடக் குழியும் வெட்டியிருக்கிறோம். பரப்புக் கணக்கில் பிரிந்துபோன வளவுகளில் கிணற்றுக்கும் குழிக்கும் இடையே இருக்கவேண்டிய தூரம் எங்கே மிஞ்சியிருக்கிறது? வெள்ளம் வந்தால் குழியும் கிணறும் ஒரே தண்ணீர். நாவாந்துறை, காக்கைதீவு, பொம்மைவெளி போன்ற பதிந்த இடங்களில் கிணற்றுக் கட்டுக்கு மேலாலேயே தண்ணீர் போவதுண்டு.

வெயில் கண்டவுடன் எல்லோரும் செய்வது ஒன்றுதான். மோட்டரைப் போட்டு அடிமட்டும் இறைத்துவிடுவது. சுற்றிவர நிலம் இன்னும் ஊறிக்கிடக்கிறது. இறைத்த அளவு அதே அழுக்கு மறுபடி ஊறுகிறது. கரையோரக் கிணறாக இருந்தால் இன்னும் மோசம்: மேலே நிற்கும் நல்ல தண்ணீரை வேகமாக எடுத்துவிட்டால் அடியில் இருக்கும் உப்பு மேலேறும். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் நல்லெண்ணத்தோடு கிணறுகளை இறைத்துத் தள்ளியபோது ஆய்வாளர்கள் இதைத்தான் எச்சரித்தார்கள். நிலத்தடி நீர்மட்டம் இறங்கும்வரை பொறுத்து, மெல்ல இறைத்து, தண்ணீரின் அளவுக்கேற்பக் குளோரின் இட்டு, விட்டு, பார்த்துக் குடிக்கவேண்டும். அதுவரை கொதிக்கவைத்த தண்ணீர் அல்லது பவுசர். அப்படியானால் கிணற்றுக்குரிய நிவாரணம் வரவேண்டிய நாள் வெள்ளத்தின் மூன்றாம் நான்காம் கிழமை. அந்த நேரத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தனியே ஒரு மோட்டார் சைக்கிளில் திரிந்துகொண்டிருப்பார். நாலைந்து வீடு அள்ளும் ஒரு கிணற்றை ஒழுங்காகத் துப்புரவாக்க இரண்டு உலர் உணவுப் பொதியின் காசு போதும். அதைப் படமெடுத்தால் அழகாக இராது என்பது உண்மைதான்.

மூன்றாவது, உழைப்பு. கரையோரத்து அம்மா ஒருத்தி என்னிடம் சொன்னதை இன்னும் மறக்கவில்லை: "வீட்டுக்குள்ள தண்ணி வரேல்லை, விதானையார். ஆனா அடுப்பும் எரியேல்லை." அவளுடைய பெயரை எந்த நிரலில் எழுதுவது? கடலுக்குப் போகவேண்டாம் என்ற அறிவித்தல் சரியான அறிவித்தல். 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் எங்கள் வடக்குக் கரையையும் மன்னாரையும் எப்படிச் சிதைத்தது என்பதைச் சொல்லக்கூடிய கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அந்த அறிவித்தலுக்கு விலை ஒன்று உண்டு. அதைத் தொழிலாளி மட்டும் கொடுக்கிறான். குருநகரிலும் மயிலிட்டியிலும் வள்ளம் கரையில் கிடக்கிற நாள் கூலி இல்லாத நாள். கடல்நீரேரியில் இறால் படுகிற காலமும் இந்த மாரிதான். படகு உடைந்தால் சேதம். வலை அறுந்தால் சேதம். தொழிலுக்குப் போகாத கிழமை சேதம் அல்ல. மேசன், கூலிக்குக் களை பிடுங்குகிறவள், சந்தையில் மரக்கறி கூறு வைக்கிறவள் எல்லோருக்கும் இதே கதை.

அந்தக் கிழமையிலும் நுண்கடன் தவணை நிற்பதில்லை. வெள்ளத்துக்குள் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிற்கும் பெடியனைக் குறைசொல்லி என்ன. அவனுக்கும் மேலே ஒருவன். தோடு அடைவுக்குப் போகும். தோடு போன வீட்டில் அடுத்தது சைக்கிள், அதற்கு அடுத்தது பிள்ளையின் ரியூசன். தை பிறக்கும்போது அந்த வீடு வெள்ளத்துக்கு முன் இருந்த இடத்திலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்று யாராவது அளந்தால் தெரியும். 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனில் ஒரு பகுதியை அரசு தள்ளுபடி செய்தது. வரட்சிக்குச் செய்ய முடிந்தால், அனர்த்தம் என்று அரசே அறிவிக்கும் வெள்ளத்தில் ஒரு மாதத் தவணையை வட்டியில்லாமல் பின்தள்ளச் சொல்வது பெரிய புரட்சி அல்ல.

வயலையும் விடக்கூடாது. புரட்டாசியில் விதைத்த நெல் கார்த்திகைக் கடைசியில் தண்ணீருக்குள் கிடந்து அழுகும்போது தென்மராட்சியில் அழுகிறவன் பல இடங்களில் காணிக்காரன் அல்ல. காணிக்காரர் கொழும்பில் அல்லது கனடாவில். பதிவு ஒருவர் பெயரில், விதைநெல்லும் உழவுக்கூலியும் குத்தகைக்காரன் கையிலிருந்து. அழிவுக்கு வரும் இழப்பீடு பதிவைத் தேடிப் போகும். நல்ல காணிக்காரர் என்றால் கொடுத்துவிடுவார். நிவாரணம் ஒருவருடைய நல்ல குணத்தில் தங்கியிருந்தால் அதற்குப் பெயர் வேறு.

டித்வா புயல் இதையெல்லாம் பெரிய அளவில் காட்டிவிட்டது. 2025 நவம்பர் 28 அன்று கரையேறி நாடு முழுவதையும் உலுக்கியது. 600க்கு மேற்பட்டோர் இறந்தனர், பெரும்பாலும் மலையகத்தின் மண்சரிவுகளில். எங்களுக்கும் வெள்ளம் வந்தது. ஆனால் கண்டியையும் நுவரெலியாவையும் பதுளையையும் பார்த்தபோது எங்கள் வெள்ளத்தைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருந்தது. வீடு துப்புரவாக்க 25,000 ரூபா, முழுதாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபா வரை என்று அரசு அறிவித்தது. இந்த நாட்டு வழக்கத்துக்கு அது சிறிய தொகை அல்ல, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் கணக்கின் அடிப்படை அதே வீடுதான். மலையகத்தில் லயன் அறையில் தலைமுறை தலைமுறையாக இருந்தவனுக்கு அந்த அறையும் சொந்தமில்லை, அது நின்ற மண்ணும் சொந்தமில்லை. எங்கள் பக்கத்திலும் கோயில் காணியில், வெளிநாட்டுக்காரரின் வளவில், உறுதி இல்லாத துண்டில் குடியிருப்பவர்கள் கொஞ்சப் பேர் அல்ல. வீடு கட்ட முதல் நிலம் வேண்டும். எச்சரிக்கைகள் தமிழில் குறைவாகவும் பிந்தியும் வந்தன என்ற குறையையும் அப்போது பலர் எழுதினார்கள். எழுதியது சரிதான். வடக்கிலிருந்தும் அன்று லொறிகள் மலைக்குப் போயின. அதில் சந்தோஷம். அங்கேயும் போனது அரிசியும் உடுப்பும்தான்.

இலண்டன், ரொறன்ரோ, பாரிஸ், சூரிச் என்று இருக்கும் எங்கள் ஊர்ச்சங்கங்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு, அன்பான வழக்கு. அரசாங்கம் சுற்றுநிருபத்தைப் பார்த்துத்தான் கொடுக்கும்; நிரலில் இல்லாததைக் கொடுத்தால் கணக்காய்வில் அலுவலர்தான் மாட்டுவார். உங்களுக்குச் சுற்றுநிருபம் இல்லை. சுற்றுநிருபம் காணாததை நீங்கள் காணலாம். ஆனால் மழை விழுந்த இரண்டாம் நாள் தொலைபேசி எடுத்துக் கேட்பதெல்லாம், "அண்ணை, எத்தனை பொதி வேணும்?" என்பதுதான். அப்படி எடுத்த ஒருவருக்கு நான், "பொதி வேண்டாம் தம்பி, மார்கழி நடுப்பகுதியிலை எடுங்கோ" என்றேன். அவருக்குக் கோபம். மக்கள் தண்ணீருக்குள் நிற்கும்போது இந்தாள் தத்துவம் பேசுகிறார் என்று நினைத்திருப்பார். பொதிக்கு ஆள் இருக்கிறது தம்பி. கிணற்றுக்கு ஆள் இல்லை, தவணைக்கு ஆள் இல்லை, குத்தகைக்காரனின் அடுத்த விதைநெல்லுக்கு ஆள் இல்லை. சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் படகு கொடுக்கப் போட்டி நடந்து, சில இடங்களில் முன்பு இருந்ததைவிடக் கூடுதலான சிறுபடகுகள் வந்து குவிந்ததை நாங்கள் கண்டவர்கள்தானே.

காசாகக் கொடுங்கள் என்று சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: காசு தவறணைக்குப் போகும். போகிற வீட்டிலிருந்து பொதியும் போகும். ரின்மீனைப் பாதி விலைக்குக் கடையில் திருப்பிக் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். பெண்ணின் கணக்குக்குப் போடுங்கள். அரசின் அஸ்வெசும உதவிப்பணம் இன்று வங்கிக் கணக்குக்கு நேரே போகிறது. குழாய் போட்டாயிற்று, வெள்ளக் காலத்தில் அதில் கொஞ்சம் கூடுதலாக விடலாம். அஸ்வெசும பட்டியலிலேயே தவறிப்போன ஏழைகள் இருக்கிறார்கள் என்பது வேறு தலையிடி. அவர்களுக்காகத்தான் ஊர்ச்சங்கம்.

மழைக்கு முன்னரே கொடுப்பதும் நடக்கக்கூடிய காரியம்தான். 2020 யூலையில் வங்காளதேசத்தில் ஜமுனா ஆற்று வெள்ளம் உச்சத்துக்கு வருமுன்னரே, முன்னறிவிப்பை வைத்து ஐக்கிய நாடுகளின் அவசர நிதியிலிருந்து 52 இலட்சம் டொலர் விடுவிக்கப்பட்டது. உலக உணவுத் திட்டம் குடும்பத்துக்கு 4,500 டாக்கா வீதம் அனுப்பியது. ஆட்டையும் மாட்டையும் அடிமாட்டு விலைக்கு விற்காமல், சாப்பாடும் மருந்தும் வாங்கிக்கொண்டு, மேட்டுக்குப் போக அது உதவியது. 1970 போலா புயலில் குறைந்தது மூன்று இலட்சம் பேரைப் பறிகொடுத்த நாடு அது. 1972 இல் தொண்டர்படை ஒன்றை அமைத்து, ஐம்பது வருடமாகப் படித்து அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. எங்களிடம் அவர்களை விடக் கூடுதலான எழுத்தறிவு உண்டு, ஊருக்கொரு வாசிகசாலை உண்டு, மழையை மில்லிமீற்றரில் சொல்ல ஆளும் உண்டு. புயலின் பெயருக்காகக் காத்திராமல், இரண்டு நாளில் இவ்வளவு மழை எதிர்பார்க்கப்பட்டால் இந்த ஒழுங்கைகளுக்கு இவ்வளவு காசு என்று முன்கூட்டி எழுதிவைக்கலாம்.

பட்டியல் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். எந்த விதானையைக் கேட்டாலும் சொல்வார்: எந்த வீட்டுக்குள் முதலில் தண்ணீர் வரும், யார் வாடகைக்கு, யார் குத்தகைக்கு, எந்தக் கிழவி தனியே, எந்தக் கிணற்றுக்குக் கட்டு இல்லை. அதை மழைக்குள் ஓடி ஓடி எழுதுவதால்தான் பிழை வருகிறது, பக்கச்சார்பு என்ற பழியும் வருகிறது. ஆவணியில் எழுதி வாசிகசாலைச் சுவரில் ஒட்டினால் சண்டை வரும். வரட்டும், தீர்க்க நேரம் இருக்கும்.

மாரிக்குச் சற்று முன் அனர்த்த முன்னாயத்தக் கூட்டங்கள் வழமைபோலக் கூடும். படகு எத்தனை, கிடாரம் எத்தனை, எந்தப் பள்ளிக்கூடத்தின் திறப்பு யாரிடம் என்று கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். அதே கூட்டத்தில் ஒருவர் எழும்பி, மார்கழி இருபதாம் திகதிக்கு என்ன ஒதுக்கியிருக்கிறீர்கள், அதற்கு யார் பொறுப்பு, குளோரின் யாரிடம், மாத்திரை யாரிடம், தவணைக்காரரோடு யார் பேசுவது என்றும் கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லவேண்டும்.